ஒரு பாடம் பாக்கி



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து வெளியே வருகையில், கோயில் வாசலில் ஒரு தாயார் என்னை நிறுத்தினார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர்கள். முந்தானைக்குள் மகனுடைய வேலை விண்ணப்பத்தை மடித்து வைத்திருந்தார்கள். "ஏனுங்கண்ணா, இதுல பி.காம்.னு எழுதுனா பாவமுங்களா? மூணு வருசம் படிச்சது நெசந்தானுங்களே" என்று கேட்டார்கள்.

விஷயம் இதுதான். பையன் மூன்று வருஷமும் ஒழுங்காகக் கல்லூரிக்குப் போனவன். மற்றெல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டான். ஒன்றே ஒன்று பாக்கி. நம் பிள்ளைகள் பாஷையில் சொன்னால் ஒரு அரியர். இரண்டு தரம் திரும்ப எழுதியும் அது வரவில்லை. இப்போது ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஏதாவது ஒரு டிகிரி வேண்டும் என்பது நிபந்தனை. முன்பே அந்த வேலையில் இருக்கும் சிநேகிதன் யோசனை சொல்லியிருக்கிறான்: "பி.காம். என்று மாத்திரம் போடு. பாஸ் என்று எழுதாதே. சர்ட்டிபிகேட் கேட்டால் இன்னும் கான்வொகேஷன் ஆகவில்லை என்று சொல். அதற்குள் எழுதிப் பாஸ் பண்ணிவிடலாம்."

அன்று அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. "எழுத வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன்; ஏன் என்று தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபின் அந்த 'ஏன்' என்னை விடவில்லை. இந்த ஊரில் இதே கேள்வி உள்ள குடும்பம் அந்த ஒன்று மாத்திரம் அல்லவே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பாடம் பாக்கியாக நிற்கிற பிள்ளையை ஏமாற்றுக்காரன் என்றோ சோம்பேறி என்றோ எண்ணிக்கொண்டு இந்தக் கேள்வியைத் தொடக்கூடாது. திருப்பூரில் படிப்பு எப்படி நின்றுபோகிறது என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை. கடைசி வருஷத்தில் தகப்பனாருக்கு உடம்புக்கு வருகிறது, அல்லது வட்டி ஏறுகிறது. ஆர்டர் சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் சனிக்கிழமை கையில் காசு வரும். பிள்ளை கம்பெனிக்குப் போகிறான். இரவு வந்து புஸ்தகத்தைத் திறந்தால் தூக்கம் கண்ணை அடைக்கிறது. பெண்பிள்ளையானால் கடைசி செமஸ்டருக்கும் கலியாணத்துக்கும் ஒரே மாதத்தில் தேதி வந்துவிடுகிறது. இப்படி நின்றுபோன பாடங்கள்தான் அதிகம். ஓவர்லாக் மிஷின் சத்தத்துக்கு நடுவே கைமடித்துக் கொண்டிருப்பதற்கும், மாடியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பையருக்கு மெயில் எழுதுவதற்கும் நடுவில் அந்த ஒரு பாடம் மதில்போல நிற்கிறது. அதை ஏறிக் குதித்துவிடலாம் என்று தோன்றுவது இயற்கை.

ஆனால், தாயாரின் வாக்கியத்தைக் கவனித்துப் பாருங்கள். "படித்தது நிஜந்தானே" என்றார்கள். உண்மைதான். படித்தது நிஜம். அந்தப் படிப்பு பையனுடைய சொத்து. அதை யாரும் பறிக்க முடியாது. அதைப் பற்றிப் பேச அவனுக்குப் பூரண உரிமை உண்டு. 'பி.காம்.' என்பதோ படிப்பின் பெயரன்று. அது ஒரு சாட்சி. 'இவனை நாங்கள் சோதித்தோம், குறித்த எல்லாவற்றிலும் தேறினான்' என்று சர்வகலாசாலை சொல்லும் வார்த்தை. நம் தேசத்தில் 1956-ம் வருஷத்து யு.ஜி.சி. சட்டப்படி, சட்டத்தால் அதிகாரம் பெற்ற சர்வகலாசாலைகளும் அவற்றுக்குச் சமமாக ஏற்கப்பட்ட ஸ்தாபனங்களுமே பட்டம் கொடுக்கலாம். மற்ற யாரும் கொடுக்க முடியாது. அப்படியிருக்க, பையன் தனக்குத் தானே எப்படிக் கொடுத்துக்கொள்ள முடியும்?

இந்த வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். என் புத்திக்கு எட்டினமட்டில் காரியம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. "எனக்குக் கணக்கு நன்றாக வரும், டேலி போடத் தெரியும்" என்று ஒருவன் எழுதினால், அவன் தன்னைப்பற்றித் தானே சாட்சி சொல்கிறான். கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் மறுநாள் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தால் வெளுத்துவிடும். 'பி.காம்.' என்று எழுதுகிறவனோ இன்னொருவருடைய சாட்சியை ஏந்திக்கொண்டு வருகிறான். கம்பெனிக்காரர் அவனை நம்பவில்லை. அவனுக்குப் பின்னால் நிற்பதாக நினைக்கும் சர்வகலாசாலையை நம்புகிறார். அது இன்னும் வாய் திறக்காதபோது, 'திறந்தது' என்று சொல்வது என்ன? எட்டாம் கற்பனை பொதுவாகப் பொய்யை விலக்குகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் கற்பனையின் நேரான வாசகம் பொய்ச்சாட்சியைப் பற்றியது என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து ஒரு ஆறுதலும் பிறக்கிறது. எல்லாப் பாடங்களும் தேறி, பட்டமளிப்பு விழா மட்டும் நடக்காதிருந்தால், அந்தப் பிள்ளை தயக்கமின்றிப் பட்டத்தை எழுதலாம். சர்வகலாசாலை சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. புரொவிஷனல் சர்ட்டிபிகேட் அதற்காகத்தான் கொடுக்கப்படுகிறது. அங்கியும் தொப்பியும் அணிந்து போட்டோ பிடிப்பது மாத்திரமே பாக்கி. அதையும் எழுதத் தயங்குகிற கூச்ச மனச்சாட்சிக்காரர் சிலர் உண்டு. அவர்கள் வீணாகத் தங்களை வருத்திக்கொள்கிறார்கள். கடைசிப் பரீட்சை எழுதி முடிவுக்குக் காத்திருக்கிறவன் கதை வேறு. அவனுக்குத் தான் தேறிவிடுவோமென்று நிச்சயம் இருக்கலாம். ஆனால் அது அவனுடைய நிச்சயம். 'முடிவு வரவேண்டியிருக்கிறது' என்று எழுதுவதே சரி.

இனி அந்தச் சிநேகிதனுடைய யோசனைக்கு வருவோம். 'பி.காம். என்று மாத்திரம் போடு, பாஸ் என்று எழுதாதே' என்பது கெட்டிக்காரத்தனமான யோசனை. காகிதத்தில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. பி.காம். படித்தான், பி.காம். என்று எழுதினான். "நான் பாஸ் என்று சொல்லவே இல்லையே" என்று பிற்பாடு கையை விரிக்கலாம். இந்தத் தந்திரம் பழையது. வாயால் பாதியைச் சொல்லி, மீதியை மனசுக்குள் வைத்துக்கொண்டால் பொய்யாகாது என்று 16, 17-ம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் சில வேதசாஸ்திரிகளே எழுதி வைத்தார்கள். 'அங்கே நான் போகவில்லை' என்று உரக்கச் சொல்லி, 'நேற்று' என்பதை உள்ளுக்குள் சேர்த்துக்கொள்வது போல. பாஸ்கால் என்ற பிரெஞ்சு கணித மேதை 1656-57-ல் எழுதிய கடிதங்களில் இதை எடுத்துவைத்து ஊரே சிரிக்கும்படி செய்தார். 1679-ம் வருஷத்தில் பாப்பரசர் 11-ம் இன்னொசென்ட் இந்தப் போதனையைப் பகிரங்கமாகக் கண்டித்து விலக்கினார். ஆகையால், 'எழுத்துப்படி பொய்யில்லை' என்று நம் கோயில் வாசலில் நின்று சொல்லுவதற்கு முந்நூறு வருஷத்துக்கு மேலாகவே இடமில்லாமற் போயிற்று.

ஏன் கண்டித்தார்? வார்த்தை பேசுகிறவனுக்கு மாத்திரம் சொந்தமல்ல. கேட்கிறவனுக்கும் அதில் பங்கு உண்டு. படிப்பு என்ற கட்டத்தில் 'பி.காம்.' என்று கண்டால், திருப்பூரில் எந்த மானேஜரும் 'தேறியவன்' என்றே எடுத்துக்கொள்வார். அவர் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் பையனும் அப்படி எழுதுகிறான். வேறு எதற்காக? அர்ச். அகுஸ்தீனார் பொய்யைப் பற்றி ஏறக்குறைய 395-ல் ஒரு நூல் எழுதி, அதில் பொய்யை எட்டு வகையாகப் பிரித்துப் பார்த்தார். அவர் முக்கியமாகத் தேடியது, நெஞ்சில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக வைத்துப் பிறரை ஏய்க்கும் எண்ணம் இருக்கிறதா என்பதையே. அந்த எண்ணம் இருந்தால், எழுத்தை எவ்வளவு பத்திரமாகப் பொறுக்கியெடுத்தாலும் பிரயோஜனமில்லை.

'அப்படியானால், வேலைக்கு எழுதுகிறவன் தன் தோல்வியையெல்லாம் தண்டோரா போடவேண்டுமா? பாவசங்கீர்த்தனத் தொட்டியா அது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதிலாக, நம் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட ஒரு விண்ணப்பத்தை உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன் 1903-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். அந்நாளில் எப்.ஏ. என்பது பி.ஏ.க்கு முந்திய படி. கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. மற்றப் பாடங்களில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்தார். பிறகு 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே வியாதி வந்து படிப்பு முறிந்தது. 1907-ல் பரீட்சை எழுதினார், தேறவில்லை. 1909-ல் கலியாணம். கையில் நோட்டுப் புஸ்தகம் நிறையச் சூத்திரங்கள், பட்டம் ஒன்றுமில்லை, வேலையுமில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினார்.

1912 பிப்ரவரி 9-ந் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டுக்குக் குமாஸ்தா வேலை கேட்டு விண்ணப்பம் எழுதினார். மெட்ரிகுலேஷன் தேறியிருப்பதாகவும், எப்.ஏ. வரையில் படித்ததாகவும், சில அசந்தர்ப்பங்களால் மேற்கொண்டு படிக்க முடியாமற் போனதாகவும், எனினும் தம் காலத்தையெல்லாம் கணிதத்திலேயே செலவிட்டு வருவதாகவும் அதில் தெரிவித்தார். கவனித்தீர்களா? மெட்ரிகுலேஷனுக்குத் 'தேறினேன்'; எப்.ஏ.க்குப் 'படித்தேன்'. இரண்டு வார்த்தைகளையும் அவர் கலக்கவில்லை. 'தவறினேன்' என்ற சொல்லை அவர் எழுதவில்லை என்பதும் உண்மை. அதற்காக அவரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. படிக்கிற அதிகாரி அந்த வரியைக் கண்டதும் 'இவன் எப்.ஏ. தேறவில்லை' என்று சந்தேகமில்லாமல் அறிந்துகொண்டிருப்பார். மானத்தைக் காத்துக்கொண்டார், உண்மையையும் காத்தார். சென்னை ராஜதானிக் கல்லூரிக் கணித ஆசிரியர் மிடில்மாஸ்ட் துரையின் சிபாரிசும் சேர்ந்தது. மார்ச் 1-ந் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலைக்கு அமர்ந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் உலகத்துக்குத் தெரியும். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் தமக்குச் சர்வகலாசாலைப் படிப்பில்லை என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். (அதே கடிதத்தில் தம் வயதை ஏறக்குறைய 23 என்று எழுதினார், அப்போது அவருக்கு 25. ஆக, அவரும் மனுஷர்தான். அவரைப் பீடத்தில் ஏற்றுவது என் நோக்கமன்று.) 1916-ல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் ஆகிவிட முடியாது. உண்மை எழுதினவனுக்கெல்லாம் ஹார்டி காத்திருப்பதுமில்லை. நான் அந்த மேதையைப் பார்க்கச் சொல்லவில்லை. மேதையென்று எவரும் அறியாத அந்த 24 வயது வாலிபர், மனைவியைக் காப்பாற்ற வழியில்லாமல் இருந்த சமயத்தில், 'தேறினேன்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'படித்தேன்' என்று எழுதினாரே, அந்த ஒரு சொல்லைப் பார்க்கச் சொல்கிறேன்.

சரி, இதில் நஷ்டப்படுகிறவர் யார்? கம்பெனிக்கு நஷ்டமில்லை, பையன் நன்றாகவே வேலை செய்வான். சர்வகலாசாலைக்கும் ஒன்றும் குறையாது. அப்படியானால் யாருக்கு அநியாயம்?

காஷ்மீரத்தில் நடந்த ஒரு வழக்கு இதற்குப் பதில் சொல்கிறது. 1982-ல் ஜம்மு காஷ்மீர் அரசாங்கம் ஜூனியர் இஞ்சினீயர் உத்தியோகத்துக்கு விண்ணப்பம் கேட்டது. ஜூலை மாதத்தில் கடைசித் தேதி. பி.இ. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த சிலரும் விண்ணப்பம் போட்டார்கள். ஆகஸ்டில் முடிவு வந்தது, தேறினார்கள். அதற்குப் பிறகே நேர்முகப் பேட்டி தொடங்கியது. பேட்டிக்கு வந்த அன்று அவர்கள் பட்டதாரிகள்தாம். இதில் என்ன தவறு? சுப்ரீம் கோர்ட்டிலும் முதலில் பெரும்பான்மை நீதிபதிகள் அவர்களுக்கு அனுகூலமாகவே தீர்ப்புச் சொன்னார்கள், ஒருவர் மாறுபட்டார். பிறகு மறுபடியும் விசாரித்து, 1997-ல் மூன்று நீதிபதிகள் சேர்ந்து, மாறுபட்ட அந்த ஒருவர் சொன்னதே சரி என்று முடிவு கட்டினார்கள். கடைசித் தேதியன்று தகுதி கையில் இருக்க வேண்டும். காரணம் என்ன? அதே வகுப்பில் படித்து, அதே முடிவுக்குக் காத்திருந்து, விளம்பரத்தில் எழுதியிருப்பதை வாசித்து, 'நமக்கு இன்னும் தகுதி இல்லையே' என்று விண்ணப்பமே போடாமல் வீட்டில் இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இந்த வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் என் மனசு நம் ஊர்ச் சந்துகளுக்குப் போகிறது. நம் தாயாரின் மகனைப் போலவே ஒரு பாடம் பாக்கியுள்ள இன்னொரு பையன், இன்னொரு பெண், அதே விளம்பரத்தைப் பார்த்து 'டிகிரி வேண்டுமாம்' என்று பெருமூச்சு விட்டுத் திரும்பியிருப்பார்கள். அவர்கள் ஒருவேளை அடுத்த பெஞ்சில் நம்மோடு பூசை காண்கிறவர்கள். பொய் அவர்கள் தலைமேல் ஏறித்தான் உள்ளே போகிறது. அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

முடியாததை முடிந்ததென்று சொல்வது என்ன விளைவிக்கும் என்பதை நம் ஊர் வியாபாரமே நமக்குக் கற்பித்திருக்கிறது. எல்.சி.யில் குறித்த தேதிக்குள் சரக்கு கப்பல் ஏறவேண்டும். பெட்டி தூத்துக்குடித் துறைமுகத்தின் வாசலில் நிற்கிறது, நாளைக்கு ஏறிவிடும் என்பதற்காக நேற்றைய தேதியில் பில் ஆஃப் லேடிங் வாங்கினால் அது மோசடி. பெட்டிக்குள் இருக்கும் பனியனில் பழுதில்லை, தையலில் குறைவில்லை, ஆனாலும் மோசடி. ஏனென்றால் கடலுக்கு அப்பால் இருக்கிற பாங்குக்காரன் பனியனைப் பார்ப்பதில்லை. காகிதத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கிறான்.

முடியாததற்கு மரியாதையான பெயர் ஒன்று உண்டு என்பதும் நம் தொழிலில் இருக்கிறது. இயற்கைப் பருத்தி விஷயம் உங்களில் பலருக்குத் தெரியும். ரசாயன உரமும் மருந்தும் நிறுத்திய மறுநாளே ஒரு நிலத்துப் பருத்தி 'ஆர்கானிக்' ஆகிவிடாது. நம் தேசத்து விதிப்படி பருத்தியைப் போன்ற வருஷப் பயிருக்கு இரண்டு வருஷமாவது அந்த நிலம் காத்திருக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் விவசாயி எல்லா நியமமும் கைக்கொள்கிறான், மகசூல் குறைகிறது, பெயரோ இன்னும் வரவில்லை. கிட்டத்தட்ட நம் பையன் நிலைமைதான். அவன் பருத்தியைச் சாதாரணப் பருத்தி என்று தள்ளிவிடுவதுமில்லை, ஆர்கானிக் என்று ஒப்புவதுமில்லை. 'இன் கன்வர்ஷன்', அதாவது மாறிக்கொண்டிருக்கிறது, என்று சொல்லி அந்தப் பெயரோடே விற்க இடம் வைத்திருக்கிறார்கள். அதற்கும் வாங்குகிறவர் உண்டு. இந்தப் பெயர் போதாதென்று முந்திக்கொண்டவர்களால் வந்த கேட்டையும் கண்டோம். 2020-ல், ஜி.ஓ.டி.எஸ். தரத்தை வகுக்கும் அமைப்பு இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றுகள் புழங்கியதைக் கண்டுபிடித்து வெளியிட்டது. அதற்குப் பிறகு நேர்மையாகப் பயிர் செய்தவனும் சந்தேகக் கண்ணுக்குத் தப்பவில்லை.

பட்டமும் அப்படியே. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து, அத்தனை பாடமும் எழுதித் தேறின ஒரு பெண் சர்ட்டிபிகேட்டை நீட்டும்போது, எச்.ஆர். அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாரே, அந்தச் சந்தேகத்தை அவளுக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர் யார்?

'பரீட்சையே வெறும் சடங்கு' என்பாரும் உண்டு. 2020 ஆகஸ்டில், கொரோனாக் காலத்தில், பீஸ் கட்டியிருந்தால் அரியர் பாடங்களில் பரீட்சை எழுதாமலே தேர்ச்சி என்று நம் மாநில அரசாங்கம் அறிவித்ததும், ஊரெங்கும் பிள்ளைகள் கொண்டாடியதும் மறந்திருக்காது. அப்போது தேறாதவன் துரதிர்ஷ்டசாலி, அவ்வளவுதானே என்று கேட்கிறார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஏ.ஐ.சி.டி.இ. ஆட்சேபித்தது, வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று, பரீட்சை இல்லாமல் தேர்ச்சி போடுவதை ஏற்க முடியாதென்று 2021-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதாத பரீட்சைக்குக் கொடுத்த பட்டம் எழுதித் தேறினவனின் பட்டத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும் என்ற பயம் அதற்குள் எல்லோருக்கும் வந்துவிட்டது.

கம்பெனி நடத்துகிறவர்களும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வார்த்தை. சூப்பர்வைசர் வேலைக்கு எதற்கையா டிகிரி? துணியின் ஜி.எஸ்.எம். பார்க்கவும், அளவுப்பட்டியலைச் சரி பார்க்கவும், பத்து டைலர்களை முகம் சுளிக்காமல் நடத்தவும் எந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? விண்ணப்பங்களைக் குறைக்க ஒரு சல்லடை வேண்டும் என்பதற்காக 'ஏதாவது ஒரு டிகிரி' என்று போடுகிறீர்கள். ஏதாவது ஒன்று போதும் என்றால் எதுவும் தேவையில்லை என்றுதானே அர்த்தம்? வேண்டாத நிபந்தனையை வைத்து ஏழைப் பிள்ளையைச் சோதனைக்குள் தள்ளிவிட்டுப் பிறகு அவன் பொய் சொன்னான் என்று கோபித்துக்கொள்வதில், கோபம் நியாயமானாலும், உங்கள் பங்கும் அதில் இருக்கிறது. சர்க்கார் பரீட்சைகளிலேயே இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள்: யு.பி.எஸ்.சி. நடத்தும் சிவில் சர்வீஸ் பரீட்சைக்குக் கடைசி வருஷப் பரீட்சை எழுதுகிறவர்களும் விண்ணப்பிக்கலாம்; தேறினதற்கு அத்தாட்சியைப் பிறகு, குறித்த காலத்துக்குள் காட்ட வேண்டும். அதைப்போல 'படித்துக்கொண்டிருப்பவரும் எழுதலாம்' என்று ஒரு வரி சேர்த்தால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

ஆயினும் நிபந்தனை அநாவசியமானது என்பதால் பொய் நியாயமாகிவிடாது. கேட்கத் தகாததை ஒருவர் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க நமக்கு உரிமையுண்டு. படிப்பைப் பற்றிக் கேட்பது அந்த வகையில் சேராது. சொல்ல மனமில்லையென்றால் பிளஸ் டூ என்று மாத்திரம் எழுதி நிறுத்தலாம், அதில் தோஷமில்லை. சொல்வதானால் உள்ளபடி சொல்ல வேண்டும்.

இன்னொரு வகையாரை நான் மறக்கவில்லை. ஏற்கெனவே எழுதிவிட்டு, வேலையும் கிடைத்து, இரண்டு மூன்று வருஷமாக நன்றாக உழைத்துவரும் வாலிபர்கள், பெண்கள். அவர்கள் இதை வாசித்தால் அடிவயிறு கலங்கும். அவர்களுக்காக அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மேரிலீ ஜோன்ஸ் என்ற அம்மாள் 1979-ல் சிறிய உத்தியோகத்தில் சேர்ந்தார். தாம் பெறாத பட்டங்களைப் பெற்றதாக எழுதியிருந்தார். அந்த முதல் வேலைக்குப் பட்டமே அநேகமாகத் தேவைப்பட்டிருக்காது என்று பின்னால் கழகத்தாரே சொன்னார்கள். படிப்படியாக உயர்ந்து, மாணவர் சேர்க்கைக்கே தலைவியானார். பிள்ளைகள்மேல் பெரும் பாரத்தை ஏற்றாதீர்கள் என்று பெற்றோருக்குப் புத்தி சொல்லிப் பெயர் வாங்கினார். 2007 ஏப்ரலில் உண்மை வெளிப்பட்டது, ராஜினாமா செய்தார். 28 வருஷ உழைப்பில் குறை சொன்னார் இல்லை. திருத்திக்கொள்ளத் தமக்குத் தைரியம் வரவில்லை என்று அவரே வருந்திச் சொன்னார்.

என் மனசைத் தொடுவது இதுதான். பொய் எழுதப்பட்டது ஒரே ஒரு நாளில். அதைச் சுமந்தது 28 வருஷம். ஒவ்வொரு பதவி உயர்விலும் அது கனத்துக்கொண்டே போயிருக்கும்; முதல் வருஷத்தில் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும்.

ஆகையால் அப்படி இருப்பவர்களுக்கு என் யோசனை: பாக்கியுள்ள பாடத்துக்கு இந்தத் தடவையே பணம் கட்டுங்கள், அது கையில் வருமுன்பே, நம்பத்தகுந்த மேலதிகாரியிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். வேலை போகலாம். போகாது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் ஒரு பொய். தேறிவிட்டால் பொய் மெய்யாகிவிடும், அப்புறம் சொல்லத் தேவையில்லை என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். பட்டத்தில் போட்டிருக்கும் மாதமும் வருஷமும் விண்ணப்பத்துக்குப் பிந்தியதாக இருக்கும். அதை மறைக்க இன்னொன்று சொல்ல வேண்டி வரும். குடும்பமே அந்தச் சம்பளத்தை நம்பியிருந்தால் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை ஒரு நல்ல குருவிடம் தனியே கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரிகையில் எல்லோருக்கும் பொதுவாக எழுதக்கூடிய விஷயமல்ல அது.

பெற்றோரே, கலியாண பயோடேட்டாவில் 'பி.காம்.' என்று நீங்கள் போடும்போது பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். அங்கே நாமே ஏற்றிச் சொல்லிவிட்டு, கம்பெனி விண்ணப்பத்தில் மாத்திரம் பிள்ளை சத்தியசந்தனாக இருக்க வேண்டும் என்றால் நடக்குமா?

அந்தத் தாயாரைப் போன ஞாயிறு மறுபடி கண்டேன். பையன் விண்ணப்பம் கொடுத்துவிட்டானாம். படிப்புக்கான கட்டத்தில் இடம் போதாமல், 'பி.காம். மூன்று வருஷம் படித்தேன், ஒரு பாடம் தேற வேண்டும், வருகிற பரீட்சையில் எழுதுகிறேன்' என்று ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதினானாம். கம்பெனியிலிருந்து இன்னும் பதில் இல்லை. "கூப்புடுவாங்களா, மாட்டாங்களான்னு தெரியலீங்கண்ணா" என்றார்கள். பரீட்சைக்குப் பணம் கட்டியாயிற்றா என்று கேட்டேன். சனிக்கிழமைச் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தார்களாம். ரசீதைப் பர்சிலிருந்து எடுத்துக் காட்டினார்கள்.